குழுவை யார் சேர்ப்பது?

(நாமக்கல்லில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலம், நாமக்கல் கல்லூரிகளில் படிக்கும் நீங்கள் ஒன்று சேர்ந்து இணையவழியில் ஒரு கோடிங் போட்டி நடத்தப் போகிறீர்கள். அதற்கு எழுதிய விதிகளை எனக்கு அனுப்பி, படித்துவிட்டு வந்து பேசுங்கள் என்றீர்கள். சாதி ஒழிப்பு பேசும் கூட்டத்தில் போய் கோடிங் போட்டிக்கு விதி பேசுவதா என்று என்னோடு பஸ்ஸில் வந்த நண்பர் கேட்டார். நான் பையிலிருந்து அந்த இரண்டு பக்கத்தை எடுத்து முதல் விதியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன்: "மூன்று பேர் கொண்ட குழு. உறுப்பினர்களைக் குழுத் தலைவரே தேர்ந்தெடுக்கலாம்." அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

மூன்று பேர் என்ற எண்ணிக்கை ஐசிபிசி என்கிற உலகளாவிய கல்லூரி நிரலாக்கப் போட்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒரே கல்லூரியைச் சேர்ந்த மூன்று பேர், ஐந்து மணி நேரம், ஒரே ஒரு கணினி. அதிகக் கணக்குகளைத் தீர்த்தவர் முன்னால். எண்ணிக்கை சமமானால் நேரத்தைப் பார்ப்பார்கள். தீர்த்த கணக்கில் முன்பு தவறாக அனுப்பிய ஒவ்வொரு விடைக்கும் 20 நிமிடம் கூடுதலாக ஏறும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஒரே கணினி. ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் பிழை சொல்ல, மூன்றாமவர் தாளில் எழுதிக்கொண்டிருப்பார். ஐந்து மணி நேரமும் ஒரே கீபோர்டை மாற்றி மாற்றித் தொட்டாக வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் சாதியை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதியில்லாமல், பியூன் வந்து திறந்துவிட்டால்தான் தாகம் தீர்ந்தது என்று அம்பேத்கர் எழுதி வைத்திருக்கும் நாட்டில், ஒரே கீபோர்டுக்கு மூன்று பேர் என்பது சின்ன விஷயமா?

போட்டி இணையத்துக்கு வந்ததும் இது போய்விடுகிறது. மூன்று வீடு, மூன்று கணினி. பஸ் செலவு இல்லை, விடுதிச் செலவு இல்லை, அது நல்லதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார வேண்டிய கட்டாயமும் இல்லை. மிஞ்சுவது "யாரைச் சேர்ப்பது" என்ற ஒரு கேள்வி. அதையும் நீங்கள் குழுத் தலைவர் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

நம் பக்கத்தில் குழு எப்படிச் சேர்கிறது? யாரும் சாதியைக் கேட்பதில்லை. "எந்த ஊருங்க?" என்பார்கள். ஊர்ப் பெயர் சொன்னால், "ஊருக்குள்ளயா, காலனியா?" அவ்வளவுதான். நான் பொறியியல் படித்த காலத்தில் ப்ராஜெக்ட்டுக்குக் குழு சேர்த்தபோது, முந்தைய நாள் வரை என் நோட்டை வாங்கிப் போனவர்கள் இந்த இரண்டாவது கேள்விக்குப் பிறகு "டீம் ஃபுல் ஆயிருச்சுப்பா" என்றார்கள். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. உங்களில் பாதிப் பேருக்கு இது புதுக்கதையும் இல்லை. அன்று யாரும் எந்த விதியையும் மீறவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. குழுவைத் தாங்களே சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் விதியே இருந்தது.

கம்ப்யூட்டர் துறைக்குப் போனால் இதெல்லாம் இருக்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசின் துறை ஒன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. இந்தியப் பொறியாளர்கள் நிறைந்த ஒரு குழுவில், தலித் பொறியாளர் ஒருவர் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டார் என்பது புகார். அவர் ஐஐடிக்கு இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று உடன் படித்தவர் மற்றவர்களிடம் சொல்லிவிட்டார் என்று அந்தப் புகார் சொல்கிறது. நிறுவனம் மறுத்தது. வழக்கு எப்படிப் போனாலும், "ஊரா, காலனியா" என்ற கேள்வி சிலிக்கான் பள்ளத்தாக்கு வரை போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அதற்காக விதி போட்டு மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். ஒன்றிய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானைப் பாருங்கள். ஆறு பேர் குழு, அதில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். கொரோனா ஆண்டில், 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில், அதன் மென்பொருள் பிரிவு இறுதிச் சுற்று முழுவதும் இணையத்திலேயே நடந்தது. ஒரு வரி விதி, ஆண்கள் மட்டுமே சேர்ந்த குழுவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அந்த ஒரு பெண்ணிடம் பிபிடி செய்யும் வேலையைத் தள்ளிவிடுவது வேறு கதை. இங்கே சிரிக்கிற தங்கைகளுக்கு அது தெரியும். அதற்கும் ஒரு விதி வேண்டும்: குழுவில் ஒவ்வொருவரின் கணக்கிலிருந்தும் ஒரு விடையாவது போயிருக்க வேண்டும். ஒருவர் எழுதி இன்னொருவர் கணக்கில் ஏற்றி ஏமாற்றலாம்தான். ஏமாற்றுவதற்காவது பேசிக்கொள்வார்கள் இல்லையா?

சாதிக்கும் அப்படி ஒரு வரி எழுதலாமா? பதிவுப் படிவத்தில் சாதியைக் கேட்டு, கலந்து குழு போடலாம் என்று உங்களில் ஒரு தம்பி யோசனை சொல்லியிருந்தார். நோக்கம் சரி. ஆனால் அந்தப் பட்டியல் யாருடைய லேப்டாப்பில் இருக்கும்? சொல்ல விரும்பாதவரையும் சொல்ல வைப்போம். அதனால் நான் சொல்வது குலுக்கல். இதற்கு முன் போட்டியில் கலந்துகொண்டவர்கள், ஓரளவு கோடிங் தெரிந்தவர்கள், புதியவர்கள் என்று மூன்று கூடை வைத்து, கூடைக்கு ஒருவர் எடுங்கள். கல்லூரி கலக்கட்டும். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே குழுவை அறிவித்தால் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கும். கணினி போடும் குலுக்கலில் அண்ணன், மச்சான், சொந்த ஊர் எதுவும் வேலை செய்யாது.

குலுக்கல் என்றதும் உத்திரமேரூர்க் குடவோலை ஞாபகத்துக்கு வரும். பத்தாம் நூற்றாண்டிலேயே ஜனநாயகம் என்று நமக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊரின் சபை. பெயர் எழுதிய ஓலை பானைக்குள் போக வேண்டுமானால் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். குலுக்கல் நேர்மையாகவே நடந்திருக்கலாம், ஆனால் பானையை முன்கூட்டியே சலித்துவிட்டார்கள்.

உங்கள் பானையையும் பார்ப்போம். நுழைவுக் கட்டணம் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். அறிவிப்பு நாலைந்து தனியார் பொறியியல் கல்லூரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் மட்டும் போயிருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் கணினி படிப்பவர்கள் இல்லையா? கணக்குகள் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. பள்ளி மாணவர்களுக்கான உலகத் தகவலியல் ஒலிம்பியாட்டில், கேள்வித்தாளை அந்தந்த நாட்டு அணியினரே தங்கள் மொழியில் பெயர்த்து மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். ஒரு ஆங்கில வாக்கியத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு 20 நிமிடம் அபராதம் என்றால், நீங்கள் சோதிப்பது கோடிங் திறமையை அல்ல. தமிழிலும் கொடுங்கள்.

அடுத்து உங்கள் ஆறாவது விதி. கேமராவும் மைக்கும் முழு நேரமும் திறந்திருக்க வேண்டும், பின்னால் வேறு குரல் கேட்டால் தகுதி நீக்கம் என்கிறது. பள்ளிபாளையத்திலோ குமாரபாளையத்திலோ இளம்பிள்ளையிலோ, வீட்டோடு சேர்ந்தே விசைத்தறி ஓடுகிற வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? தறி ஓடும்போது அம்மா மகனைக் கூப்பிடுவதே கத்தல்தான். அந்த மகன் போட்டி எழுத வேண்டுமானால் ஐந்து மணி நேரம் தறியை நிறுத்த வேண்டும். அந்த ஐந்து மணி நேரக் கூலியை நீங்கள் கொடுப்பீர்களா? தனி அறை, மூடிய கதவு, வெள்ளைச் சுவர் இதெல்லாம் யார் வீட்டில் இருக்கும் என்று யோசியுங்கள். முகம் பார்த்துச் சரிபார்க்கும் மென்பொருளையும் நம்பாதீர்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருட்களை 2018இல் ஜாய் புவொலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை 1 சதவீதத்துக்கும் குறைவு. கருத்த பெண்களிடம் ஒன்றில் 34 சதவீதத்துக்கும் மேலே போனது. சந்தேகம் வந்தால், போட்டி முடிந்ததும் குழுவை அழைத்து, எழுதிய கோடை விளக்கச் சொல்லுங்கள். காப்பியடித்தவருக்குப் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். மின்சாரமோ நெட்டோ போனால் கடிகாரத்தையும் நிறுத்தி வையுங்கள்.

இனி, சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். குலுக்கல் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். குலுக்கினால் ஒரு ஊர்ப் பெண்ணும் ஒரு காலனிப் பையனும் ஒரே குழுவில் வருவார்கள். இரவு பத்து மணிக்கு ஒரு கணக்கைப் பற்றிப் போனில் பேசுவார்கள். நாம் எந்த மண்ணில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம்? ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் பொறியியல் படித்தவர், வயது 21. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு மலைக்கோயிலில் உடன் படித்த தோழியோடு பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. கோயில் கேமராப் பதிவு அந்த வழக்கில் முக்கியச் சான்றாக நின்றது.

அதனால் குலுக்கலைக் கைவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால், யார் யாரோடு பேசலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும் என்று விட்டுக்கொடுத்ததாகும். ஆனால் ஆபத்தைப் பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலையிலும் பையனின் தலையிலும் வைத்துவிட்டு, நாம் முற்போக்காக இருந்துவிட முடியாது. குழுப் பட்டியலை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். புகைப்படமும் ஊர்ப் பெயரும் வேண்டாம். குழுவுக்கு ஒரு பெயர் போதும். போன் எண்ணைக் கொடுக்கக் கட்டாயப்படுத்தாமல், பேச்செல்லாம் போட்டித் தளத்தின் அரட்டையிலேயே நடக்கட்டும். யாராவது காரணம் சொல்லாமல் வேறு குழு கேட்டால், ஒருமுறை மாற்றிக் கொடுங்கள். "அந்தப் பையனோடு வேண்டாம்" என்று சாதிக்காகக் கேட்பவரும் இதைப் பயன்படுத்துவார், தெரியும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்காக அந்த ஓட்டையைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. மாற்றும்போதும் குலுக்கலில்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக, உங்கள் தாளில் இல்லாத ஒரு விதி. மிரட்டல் வந்தால் யாரை அழைப்பது? இரண்டு பேர் பெயர் வேண்டும், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே பேசி வைக்க வேண்டும். பதிவைத் திறக்கும் தேதியை அதற்குப் பிறகு அறிவியுங்கள். அந்த இரண்டு பேர் யார் என்பதை இன்று இந்த அறையை விட்டுப் போவதற்குள் முடிவு செய்துவிடலாம். நான் ஏழு மணி பஸ்ஸுக்குத்தான் போகிறேன், நேரம் இருக்கிறது.