கால் மரத்தால் எல்லாம் டிஸ்க் அல்ல
(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் பெருமை பேசுவது வழக்கம். நான் ஒரு தப்பைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலியார்பேட்டைக்காரர் ஒருவர். வயது 58. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "டாக்டரய்யா, மார்க்கெட் வரைக்கும் நடந்தா காலு கல்லாட்டம் ஆயிடுது" என்றார். இடுப்பு ஸ்கேனில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருந்தது. அதுதான் என்று முடிவு கட்டி மாத்திரை எழுதினேன். எட்டு மாதத்தில் கையில் தடி வந்தது. சிறுநீர்க் கட்டுப்பாடும் போனது. அப்புறம்தான் முதுகு முழுவதும் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். தண்டுவடம் வீங்கி, அதன்மேல் சிரைகள் புழுப்போல நெளிந்து கிடந்தன.

இதற்கு டூரல் ஃபிஸ்டுலா என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய ஆண்களிடமே அதிகம். தண்டுவட உறையில் ஒரு தமனி நேரே சிரையில் கலந்துவிடுகிறது. நம்ம ஊர் பெரிய வாய்க்காலில் யாரோ பம்ப்செட் வைத்துத் தண்ணீர் இறைத்தால் தெருத் தண்ணீர் எப்படி வடியும்? அதே கதைதான். ரத்தம் வடியாமல் தேங்கித் தண்டுவடம் மெல்லக் கெடுகிறது.

1926-லேயே பாரிஸில் ஃபுவா, அலஷுவானின் இருவரும் தண்டுவடம் இப்படி அழிவதை எழுதினார்கள். 1960களில் அங்கேயே ஜின்ஜியான் என்பவர் தண்டுவட ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கும் முறையை வளர்த்தார். கோளாறு உறையில்தான் என்பது 1970களில் தெளிவானது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு, எனக்கு அது ஞாபகம் வரவில்லை!

அவரைச் சென்னைக்கு அனுப்பினோம். முதுகைத் திறக்கவில்லை. தொடைத் தமனி வழியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த குழாயை அந்த இடம்வரை செலுத்திப் பசை விட்டு அடைத்தார்கள். பசை சிரையின் ஆரம்பத்தைத் தொட வேண்டும். தமனியிலேயே நின்றுவிட்டால் நோய் திரும்பும். தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் தமனி அதே கிளையில் பிரிந்தால் பசை ஆபத்து, ஆபரேஷன்தான் வழி.

இன்று அவர் தடியோடு மார்க்கெட் போகிறார். சிறுநீர்க் கட்டுப்பாடு மட்டும் திரும்பவில்லை. அந்த எட்டு மாதம் என் கணக்கில்தான்.

இங்கே டாக்டர்கள் சிலரே. ஆனால் எல்லார் வீட்டிலும் அப்பாவோ மாமனாரோ உண்டு. நடக்க நடக்கக் கால் தளர்ந்து, சிறுநீரும் தடுமாறினால், ஸ்டீராய்டு கொடுத்தபின் பலவீனம் கூடினால், "முதுகு முழுக்கப் பார்த்தீங்களா?" என்று டாக்டரைக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.