தவணை தவறாமை

(நாணய சங்க அங்கத்தினர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



கடனைப்பற்றியும் வட்டியைப்பற்றியும் இச்சபையிற் பேசத் தகுந்தவர் பலர் இருக்கின்றனர். நான் பேச வந்தது குழந்தைகளுக்கு இடும் தடுப்பூசியைப்பற்றி. எனினும், விஷயம் உங்களுக்குப் புதிதன்று. 'தவணை' என்னும் சொல் சங்கத்தின் கணக்குப் புத்தகத்திலும் உண்டு. குழந்தையின் தடுப்பூசி அட்டையிலும் உண்டு.

1904-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட கிராம நாணய சங்கங்களில் அங்கத்தினரின் பொறுப்பு வரையறையற்றதாயிருந்தது. ஒருவர் தவணை தவறினால் அச்சுமை மற்றெல்லாருடைய தலையிலும் விழும். தட்டம்மை என்னும் நோயின் சட்டமும் ஏறக்குறைய இதுவே.

மணல்வாரி என்றும் நாம் சொல்லும் இந்நோய் காற்றின் வழியாகப் பரவுவது. நோய் கண்ட குழந்தை அறையைவிட்டு அகன்ற பின்னும் 2 மணி நேரம் வரையில் கிருமி அங்கே நிற்கக்கூடும். எதிர்ப்புச் சக்தியில்லாத ஜனங்களிடையே ஒரு குழந்தையால் 12 முதல் 18 பேருக்கு இது தொற்றும். 'இறங்கிப்போகும் அம்மைதானே' என்று அலட்சியம் செய்தல் தகாது. நிமோனியா, கடும் பேதி, மூளை அழற்சி, கண்பார்வை இழப்பு ஆகியவை இதன் பின்னே வரலாம். அன்றியும், முன்பு வந்த நோய்களை எதிர்த்து உடல் சேர்த்து வைத்திருந்த சக்தியில் ஒரு பகுதியையும் இது அழித்துவிடுகிறது. சிறுகச் சிறுகச் சேமித்த பணம் ஒரே நாளிற் களவு போவதற்கு இஃதொப்பாகும்.

இதற்குரிய ஊசியின் முதல் தவணை 9 மாதம் நிறைந்ததும், இரண்டாம் தவணை 16 மாதம் முதல் 24 மாதத்திற்குள்ளும் இடப்படுகின்றன. முதல் தவணையோடு நின்றுவிடுவோர் பலர். 9-ஆம் மாதத்தில் ஊசி பெற்ற 100 குழந்தைகளில் சுமார் 15 பேருக்கு அதன் பலன் பற்றாமற்போகலாம். அப்பதினைவர் இன்னாரென்று பெற்றோராலும் சொல்ல முடியாது. வைத்தியராலும் சொல்ல முடியாது. ஆதலின் எல்லோருமே இரண்டாம் தவணையைப் பெறல் வேண்டும். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு தவணையும் பெற்றிருந்தால்தான் இந்நோய் பரவ வழியின்றி அடங்கும்.

9 மாதம் நிறையாத சிசு வழக்கமாக இவ்வூசியைப் பெறுவதில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைக்கும் இதனை இடலாகாது. இவர்களுக்கு ஜாமீன் யார்? நீங்களும் நானுமே. நம் வீட்டுக் குழந்தை தவறிய தவணைக்கு அடுத்த வீட்டுத் தொட்டிற்குழந்தை ஈடு செலுத்தும்படி நேரலாம்.

எல்லா வியாதியும் இவ்வாறன்று. ரணஜன்னி மண்ணிலுள்ள கிருமியால் காயத்தின் வழியே வருவது. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஊரார் அனைவரும் ஊசி பெற்றிருப்பினும் பெறாத ஒருவருக்கு அது காப்பாகாது. அங்கே அவரவர் செலுத்திய வைப்புத் தொகையே அவரவருக்கு உதவும். ஆகவே இரு வகையிலும் தவணை அவசியமாகின்றது.

'இந்நோய்களை இப்போது காண்பதில்லையே, ஊசி எதற்கு?' என்பர் சிலர். 1802-இல் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தையொன்றுக்கு இந்நாட்டின் முதல் அம்மைப்பால் வைக்கப்பட்டது. அப்பெரியம்மை 1975-இல் இந்தியாவை விட்டு நீங்கியது. 1980-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இயற்கையாய்ப் பரவும் இளம்பிள்ளை வாதக் கிருமியால் நோயுற்றவர் இந்நாட்டில் 2011-க்குப் பின் இல்லை. இவை தாமே விலகினவல்ல. ஏரி உடையவில்லையே என்று கரையின் மண்ணை வெட்டி எடுப்பார் உண்டோ?

ஊசிக்குப்பின் ஓரிரு நாள் சுரமும், இட்ட இடத்தில் வீக்கமும் காணலாம். அச்சமுறும் தாயைப் பரிகசியாமல், முன்னரே இதனை எடுத்துச் சொல்லுதல் நன்று. நாள் கடந்துவிட்டதென்று வெட்கி நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதலிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை; விட்ட இடத்திலிருந்து செலுத்தலாம். அபராத வட்டியும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசமே.

ஆனால் கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு ஊசி நாளென்பது ஒரு நாட்கூலியின் நஷ்டம். பல குழந்தைகள் தவணை தவறுவது அறியாமையாலன்று. இக்கூலியை இழக்க இயலாமையாலேயே. இவ்விடத்தில்தான் சங்கம் உதவக்கூடும். அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் தம் வீட்டுக் குழந்தையின் அட்டையைக் கொணர்க. தவறியவை எவை என்று சுகாதாரச் செவிலியரைக்கொண்டு பார்வையிடுவோம். வர இயலாத தாய்மாரின் குழந்தைகளை, அவர்கள் சம்மதத்தோடு, முறை வைத்து அழைத்துச் செல்வோம். பணக் கணக்கில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கத் தெரிந்த நாம், பிள்ளைகளின் உயிர்க் கணக்கிலும் அவ்வாறே நிற்போமாக.