அந்தக் குதிரை யாருக்கு?

(பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு மறையுரை. நற்செய்தி: லூக்கா 12:13-21)



ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் 1846இல் ஜான் டூவர் என்பவர் தொடங்கியது டூவர் விஸ்கி நிறுவனம். அவருடைய மகன் தாமஸ் டூவர் 1885இல் அந்த விஸ்கியை விற்க லண்டனுக்கு வந்தார். 1892இல் புறப்பட்டு, இரண்டு ஆண்டுகளில் 26 நாடுகளைச் சுற்றி முகவர்களை நியமித்தார். பணம் குவிந்தது. நாடாளுமன்ற உறுப்பினரானார்; 1902இல் 'சர்' பட்டம், 1919இல் பிரபு பட்டம். பெரிய மனிதர்களின் விருந்துகளில் அவருடைய நகைச்சுவைப் பேச்சுக்குத் தனி மதிப்பு. பந்தயக் குதிரைகளையும் வளர்த்தார்.

இங்கிலாந்தில் குதிரை வளர்ப்போர் அனைவரும் கனவு காணும் வெற்றி, எப்சம் டெர்பி. டூவர் பிரபு வளர்த்த கேமரோனியன் 1931இல் அதை வென்றது. ஆனால் அவர் 1930 ஏப்ரலிலேயே இறந்துவிட்டார். வெற்றி பெற்ற குதிரையின் உரிமையாளர், அவருடைய சகோதரரின் மகன்!

இறந்தவரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. இயேசு சொன்ன உவமையின் செல்வரும் திருடரல்லர். நிலம்தான் நன்றாக விளைந்தது. ஆனால் அவர் பேச்சைக் கவனியுங்கள். என் விளைச்சல், என் களஞ்சியம், என் நெஞ்சம். அதில் மனைவி இல்லை, கூலியாள் இல்லை, கடவுளும் இல்லை. "என் சம்பளம், நான் குடிக்கிறேன், உனக்கென்ன?" என்று நம் வீடுகளில் கேட்கும் குரலும் அதே குரல்தான்.

சொத்தைப் பிரித்துத் தரும்படி கேட்டு வந்த ஒருவருக்குத்தான் இயேசு இந்த உவமையைச் சொன்னார். ஒரு தந்தையின் அடக்கத்தில் மகன்கள் இருவரும் சவப்பெட்டியை ஆளுக்கொரு பக்கம் தூக்கி வந்ததைக் கண்டேன். கல்லறையிலிருந்து திரும்பும்போது ஒருவரோடொருவர் பேசவில்லை. வீட்டுப் பத்திரம் யாரிடம் என்பதுதான் பிரச்சினை. இருவருக்காகவும் பாடுபட்டுச் சேர்த்த அந்தத் தந்தை, உயிரோடிருந்தபோதே இருவரையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம்.

நாம் விட்டுச் செல்வது கொடுத்ததாகாது. கை விரியும்போது கொடுப்பதே கொடுத்தது. இந்த வாரம் ஒன்று செய்வோம். தேவையில் இருப்பவருக்கு நம் கையாலேயே கொடுப்போம். பேச்சு நின்றுபோன உடன்பிறப்பின் வீட்டுக்கு நாமே முதலில் போவோம்.

கடவுள் முன்னிலையில் செல்வராகும் வரத்தை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.