இரு களம் கண்ட வீரர்

"ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்" என்று நம்மவர் சொல்வது ஏளனத்துக்காகவே. இரண்டைப் பற்றியவனுக்கு ஒன்றும் கைகூடாது என்பது நம் பொதுக் கருத்து. அயர்லாந்து நாட்டு ஜாக் லிஞ்ச் என்பவரின் ஆட்ட வரலாறு, இக்கருத்தை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது.

அந்நாட்டு மக்களின் உள்ளங்கவர்ந்த ஆட்டங்கள் இரண்டு. ஹர்லிங் என்பது, நுனி அகன்ற மர மட்டையால் சிறு தோற்பந்தை அடித்தாடுவது. கேலிக் கால்பந்து, பெரிய பந்தைக் கையாலும் காலாலும் ஆள்வது. இரண்டிலும் அணிக்கு 15 பேர். இரண்டையும் 1884இல் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கமே பேணி வருகிறது. ஆடுவோர்க்கு ஊதியம் கிடையாது. தம் மாவட்டத்துக்காக ஆடுகிறோம் என்ற பெருமிதமே அவர்களுக்கு ஊதியம்.

லிஞ்ச் 1917இல் கார்க் நகரின் ஷாண்டன் பகுதியில் பிறந்தார். அவர் ஹர்லிங் ஆடிய கிளென் ரோவர்ஸ் கழகமும், கால்பந்து ஆடிய செயின்ட் நிக்கலஸ் கழகமும் உடன்பிறப்புகள் போன்றவை. ஒரே வட்டாரத்தார் இரண்டையும் வளர்த்தனர். எனவே இரண்டில் ஒன்றைத் துறக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

தொடக்கத்தில் வெற்றி எளிதில் வாய்க்கவில்லை. 1939 செப்டம்பர் 3ஆம் நாள், பிரிட்டன் போர்ப் பிரகடனம் செய்த அதே நாளில், டப்ளின் நகரத்துக் குரோக் பார்க் மைதானத்தில் ஹர்லிங் இறுதி ஆட்டம் நிகழ்ந்தது. இடியும் மின்னலும் மழையும் சூழ்ந்த அவ்வாட்டத்தில், லிஞ்ச் தலைமை தாங்கிய கார்க் அணி, கில்கென்னியிடம் ஒரே புள்ளியில் தோற்றது.

பின்னர் 1941 முதல் 1944 வரை நான்கு ஆண்டுகளும் ஹர்லிங் பட்டம் கார்க் அணிக்கே கிட்டியது. 1945இல் அது டிப்பரரி மாவட்டத்துக்குச் சென்றது. லிஞ்சின் வெற்றித் தொடர் அத்துடன் அறுந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வாண்டே கால்பந்தில் கார்க் அணி கேவன் மாவட்டத்தை வென்று, 34 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் பெற்றது. அவ்வணியிலும் லிஞ்ச் இருந்தார். மறு ஆண்டு ஹர்லிங் இறுதி ஆட்டத்தில் கில்கென்னியை வென்றதும் அவருடைய பதக்கங்கள் ஆறாயின. தொடர்ந்து ஆறு ஆண்டுகள் அகில அயர்லாந்துப் பட்டம் பெற்றவர் அவருக்கு முன் எவருமிலர்.

வழக்கறிஞரான அவர் 1948இல் பாராளுமன்றம் புகுந்தார், 1966 முதல் 1973 வரையும், 1977 முதல் 1979 வரையும் பிரதமராக விளங்கினார், 1999இல் மறைந்தார். 1990இல் அதே கார்க் அணிகளின் டெடி மெக்கார்த்தி, ஒரே ஆண்டில் இரு இறுதி ஆட்டங்களிலும் ஆடி வென்றார். இக்காலத்திலோ ஒவ்வோர் ஆட்டத்தின் பயிற்சியும் கடுமையாகிவிட்டதால், இளைஞர் பலர் ஒன்றையே தேர்ந்துகொள்ள நேர்கிறது. அது காலத்தின் கட்டாயம், குறை கூறுவதற்கில்லை.

எனினும் 1945ஆம் ஆண்டை நாம் மறத்தலாகாது. ஒன்று கைவிட்ட ஆண்டில் மற்றொன்று கைகொடுத்தது. இரண்டையும் மெய்யாகக் கற்றவனுக்கு, இரண்டாவது கலை சுமையன்று, துணையே.