"அப்படி ஒண்ணு இருக்கா, தாயி?"

இன்னைக்கு எங்க பெரியம்மாவைப் பத்திப் பேசப்போறேன். மல்லாங்கிணறுல இருக்காங்க. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன்ல இடது மார்பகத்தை எடுத்துட்டாங்க. உயிர் பிழைச்சாச்சு. நாங்களும் அதோட கதை முடிஞ்சதுன்னு நினைச்சோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, கொடியில ஒரு சின்னப் பொட்டலம் காய்ஞ்சுகிட்டு இருந்துச்சு. பழைய வேட்டித் துணிக்குள்ள பஞ்சு வெச்சுத் தைச்சது. ஜாக்கெட்டுக்குள்ள வைக்கிறதுக்கு. "குனிஞ்சு களை எடுக்கையில நழுவிரும். அதான் மேல துண்டைப் போட்டுக்கிறது"ன்னாங்க.

"திரும்ப மார்பகம் அமைக்கலாம்னு டாக்டர் சொல்லலையா பெரியம்மா?"

"அப்படி ஒண்ணு இருக்கா, தாயி?"

இருக்கு. வயித்துல இருந்தோ முதுகுல இருந்தோ திசு எடுத்து அமைக்கலாம். சிலிக்கான் இம்பிளான்டும் வைக்கலாம். மார்பகத்தை எடுக்கும்போதே செய்யலாம், சில வருஷம் கழிச்சும் செய்யலாம். கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தா கொஞ்சம் சிக்கல்.

அமெரிக்காவுல 1998-லேயே இதுக்குச் சட்டம் வந்தது. மார்பகத்தை எடுக்கப் பணம் தர்ற காப்பீடு, திரும்ப அமைக்கவும் தரணும். அப்பவும் வெள்ளையினப் பெண்களைவிட கறுப்பினப் பெண்களுக்கு இது குறைவாத்தான் கிடைக்குதுன்னு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லுது.

நம்ம ஊர்ல பணம், தூரம், வயசு. தமிழ்நாட்டுல 2018-ல சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில இலவச மார்பகச் சீரமைப்பு கிளினிக் தொடங்கினாங்க. ஏழைக்கு அழகு சிகிச்சை எதுக்குன்னு அப்போ கேலியும் வந்துச்சு. மல்லாங்கிணறுல இருந்து ஸ்டான்லிக்கு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஆனா தூரத்துக்கு முன்னாடியே ஒரு தடை இருக்கு: 'கிராமத்து அம்மா, வயசாச்சு, இவங்களுக்கு இது எதுக்கு?' அந்த முடிவை வேற யாரோ எடுத்துடுறாங்க.

இதையெல்லாம் பெரியம்மாகிட்ட விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "மறுபடி ஆஸ்பத்திரியில படுக்கணுமா? எனக்கு வேணாம்." அப்புறம் சொன்னாங்க: "ஆனா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேணும், வேணாம்னு நானே சொல்லியிருப்பேன்ல?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

உங்க வீட்டுல யாருக்காவது இந்த ஆபரேஷன்னா, கூடப் போற நீங்க கேளுங்க: "திரும்ப அமைக்க முடியுமா? எப்போ? எங்க?" வேணாம்னா, ஜாக்கெட்டுக்குள்ள வைக்கிற சிலிக்கான் செயற்கை மார்பகமும் கடையில கிடைக்குது. பெரியம்மாவுக்கு ஒண்ணு வாங்கியிருக்கேன். பஸ்சுல நழுவலையாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.