தொழிலாளர் நலமும் முதலாளியின் இலாபமும்

(திருவள்ளூரில் நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யான் தொழிற்சாலை விஷயம் பேசப் புகுந்ததேன் என்று சிலர் கருதலாம். நம் குடும்பத்தாருட் சிலர் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பட்டறை நடத்துகின்றனர். பலர் அங்குள்ள ஆலைகளிற் கூலிக்குச் செல்கின்றனர். இருதிறத்தாரும் ஒரே சங்கத்தில் அருகருகே அமர்ந்திருத்தலின், இருவர்க்கும் பொதுவாயதொன்றைக் கூறுதல் தகும். உழைப்பவன் உடலைப் பேணுதல் முதலாளிக்குத் தருமம் மாத்திரமன்று, இலாபமுமாம் என்பதே யான் சொல்ல வந்த பொருள்.

1918ஆம் ஆண்டிற் பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர், வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கண்டனர். அவர்தம் முறையீடுகளுள் முதன்மையான ஒன்று, நண்பகலுணவுக்கு விட்ட அரைமணி நேரம் போதாதென்பது. வயிற்றுக்குரிய சிறு காரியத்தைப் புறக்கணித்தால் அது பெரும்பிணக்காய் வளருமென்பதற்கு இது சான்று.

அண்மைக்காலத்து நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர்ப் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த, நம் மாவட்டத்துப் பூந்தமல்லிக்கு அணித்தான விடுதியில், உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். தோழியர் நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12ஆம் நாளே திறக்கப்பட்டது. சமையற்கட்டிற் கருதிய சிக்கனம் ஆலையின் கதவையே அடைத்தது காண்மின்!

இனி நன்மை விளைந்ததையும் கேண்மின். பெங்களூர் ஆடைத் தொழிற்சாலைகளிற் பழைய விளக்குகளை நீக்கி, வெப்பம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளை அமைத்தபோது, வெயில் மிகுந்த நாட்களில் உற்பத்தி உயர்ந்ததென ஆராய்ச்சியாளர் கண்டனர். மின்செலவும் குறைந்தது. விளக்கின் சூடே இத்துணைத் தீங்கு செய்யுமாயின், கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் உலை முன் நிற்பவன் நிலையை என்னென்பது?

"எம் பட்டறையில் இருபது பேரே உளர், சட்டம் எம்மைக் கட்டாதே" என்பர் சிலர். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேற்பட்ட இடத்திலேயே சிற்றுண்டிச்சாலை வேண்டுமென்றது மெய்யே. ஆயினும் பசியும் தாகமும் தலையெண்ணி வருவனவல்ல. இருபதின்மருள் இருவர் காய்ச்சலாற் கிடப்பின் பத்திலொரு பங்கு வேலை நின்றுபோம். பெரிய ஆலையினும் சிறிய பட்டறைக்கே இழப்பு மிகுதி.

ஆடம்பரமும் வேண்டா. அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலை, 2016 முதல் தன் ஊழியர்க்கு உடற்பரிசோதனை, நலவகுப்பு முதலியன நடத்தி ஆராய்ந்ததில், மருத்துவச் செலவேனும் வேலைக்கு வாராமையேனும் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திலது. உபதேசம் வேறு, உதவி வேறு. குளிர்ந்த குடிநீர், காற்றோட்டம், அமர நிழல், தூய கழிப்பிடம், உண்ண நேரம், உரிய கூலி ஆகிய இவையே உதவி. இவையின்றி நடத்தும் யோகாசன வகுப்பு, வேரிலே நீரின்றி இலையிலே தெளித்தலை ஒக்கும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள்: காக்களூரில் அண்டையிலுள்ள பத்துப் பட்டறையார் ஒருங்கு கூடிப் பொதுச் சமையற்கூடம் ஒன்று அமைக்கலாம், திங்களொருமுறை மருத்துவரை அழைத்து இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் சோதிப்பிக்கலாம். தனியொருவர்க்குப் பளுவாவது பதின்மர்க்கு எளிதாம். இதனைத் தொடங்கிவைக்க நம் சங்கத்தினும் தக்கார் யாவர்? முதலாளியும் தொழிலாளியும் இங்கே உறவினரன்றோ!