சக்கேயுவின் நான்கு மடங்கு



எரிகோவில் மரத்தின் மேல் ஏறி ஆண்டவரைப் பார்த்த சக்கேயுவை நமக்கெல்லாம் தெரியும் (லூக்கா 19:1-10). இயேசு தம் வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியோடு அவர் நின்றுவிடவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாய்திறந்து சொன்னார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தது அதன் பிறகுதான்.

ஒரு மனிதர் மாறிய விதம் இது. ஒரு நாடும் ஒரு கண்டமும் மாறுவது எப்படி?

ஆப்பிரிக்காவைப் பார்ப்போம். 1960 என்ற ஒரே ஆண்டில் அங்கே 17 நாடுகள் விடுதலை பெற்றன. தென்னாப்பிரிக்காவுக்கோ விடியல் வர இன்னும் 34 ஆண்டுகள் ஆயின. அந்த நாடு நமக்கு அந்நியமல்ல. 1860-இல் சென்னையிலிருந்து கப்பலேறி, நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் நம் மக்கள். காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் உயிர்நீத்தவர் தில்லையாடி வள்ளியம்மை.

1948 முதல் அங்கே நிறவெறி அரசின் கொள்கையாயிற்று. எங்கே குடியிருப்பது, எந்தப் பள்ளியில் படிப்பது, யாரை மணப்பது என்பதையெல்லாம் தோலின் நிறம் தீர்மானித்தது. 1957-இல் அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் இக்கொள்கை இயல்பிலேயே தீயது என்று அறிவித்தார்கள். அதோடு, தங்கள் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துறவற இல்லங்களிலும் அதே பிரிவினை இருப்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

27 ஆண்டுகள் சிறையில் இருந்த மண்டேலா 1994-இல் குடியரசுத் தலைவரானார். பின்னர் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையம் அமைந்தது. முழு உண்மையைச் சொன்னவர்களுக்கே அங்கே பொதுமன்னிப்புக்கு வழி இருந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. ஆனாலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களின் கண்ணீரை நாடே கேட்டது. உண்மை பேசப்பட்டது, ஈடுசெய்வதில்தான் குறை நின்றது. நிலத்திலும் செல்வத்திலும் பழைய ஏற்றத்தாழ்வு இன்றும் தொடர்கிறது. சக்கேயு சொன்ன நான்கு மடங்கு அங்கே இன்னும் பாக்கி.

அன்பார்ந்தவர்களே, இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். தீண்டாமையை ஒழித்த நம் அரசமைப்புச் சட்டம் 1950-இலேயே நடைமுறைக்கு வந்தது. ஆனால் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகளில் தலித் மக்களின் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் கட்டிய வீடுகள் அவற்றில் பல. பீரோவும் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் சாம்பலாயின.

நாம் தீ வைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் திரும்புகிறோமே, அது ஏன்? தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்தையே சுவர் எழுப்பிப் பிரித்த பங்குகள் உண்டு என்பதை நாம் அறிவோம். இந்திய ஆயர் பேரவையும் 2016-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. உண்மையைச் சொல்லியாயிற்று, ஈடுசெய்வது நம் கையில் இருக்கிறது.

ஒப்புரவு அருளடையாளத்தில் பாவத்தை அறிக்கையிட்டால் மட்டும் போதாது. பரிகாரமும் செய்ய வேண்டும் என்று சிறு வயதிலேயே மறைக்கல்வியில் படித்தோம். ஆகவே இந்த வாரம் ஒன்று செய்வோம். இதுவரை நம் அன்பியம் கூடாத வீடு எது என்று பார்த்து, அங்கே கூடுவோம். அவர்கள் தரும் தண்ணீரை வாங்கிக் குடிப்போம். யாருடைய கூலியிலாவது குறைத்திருந்தால், அதைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம்.

சக்கேயுவின் வீட்டில் தங்கிய ஆண்டவர் நம் வீடுகளிலும் தங்குவாராக. ஆமென்.